மட்டக்குதிரையின் புள்ளியை அடையாளம் காண: கண்பார்வையா, பழைய படமா, மரபணுப் பரிசோதனையா?

பண்ணை வீட்டில் வளர்க்க, காதுகுத்து வீட்டில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று சுற்றிவர, அல்லது சும்மா ஆசைக்கு என்று மட்டக்குதிரை தேடுகிற நெல்லைச் சீமைக்காரர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். புள்ளிக்குதிரை என்று சொல்லி யாவாரி கூடுதலாகக் கேட்கிறார். அது நிஜமாகவே புள்ளி வகைதானா, வயதாக ஆகப் புள்ளி நிற்குமா, குட்டிக்கும் வருமா? இதைக் கண்டுபிடிக்க நம் கையில் இருப்பவை மூன்று வழிகள்: கண்ணால் பார்ப்பது, குட்டிக்காலப் படத்தையும் தாய் தகப்பன் விவரத்தையும் கேட்பது, பிடரி மயிரைப் பிடுங்கி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்க்க மட்டும் வாங்குகிறவருக்குக் கண்ணும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். குட்டி எடுக்க நினைப்பவர் பரிசோதனை செய்யாமல் இறங்கக் கூடாது. படம் துணைச் சாட்சி மட்டுமே, தனியாக அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

கொடி ஆட்டைப் பார்த்த மாத்திரத்தில் கரும்போரை, செம்போரை என்று பிரித்துச் சொல்லிவிடுகிற ஆட்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். குதிரையில் அப்படிச் சட்டென்று சொல்ல முடியாது. வெள்ளையும் நிறமும் கலந்து வருவதற்குப் பின்னால் பல மரபணுக்கள் இருக்கின்றன. தோலுக்கு மேலே எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், விளைவு மட்டும் வேறு வேறு.

ஆகவே நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். முதலாவது, புள்ளியைத் திட்டிலிருந்தும் நரையிலிருந்தும் சாயத்திலிருந்தும் அந்த வழி பிரித்துக் காட்டுகிறதா. இரண்டாவது, நாளைக்கு இந்தக் குதிரை எப்படி இருக்கும் என்று சொல்கிறதா. மூன்றாவது, புள்ளி மரபணு ஒரு பிரதி இருக்கிறதா (தாய் அல்லது தகப்பன் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தது), இரண்டு இருக்கிறதா (இருவரிடமிருந்தும் வந்தது) என்று சொல்கிறதா. இது குட்டிக்கும் முக்கியம், குதிரையின் இராப்பார்வைக்கும் முக்கியம். நான்காவது செலவு. கையை விட்டுப் போகும் காசோடு, தப்பாகச் சொல்லிவிட்டால் பிறகு வந்து விழுகிற செலவையும் சேர்த்துத்தான்.

| | கண்பார்வை | பழைய படம், பெற்றோர் விவரம் | மரபணுப் பரிசோதனை |
|---|---|---|---|
| புள்ளி, திட்டு, நரை பிரிக்க | பெரும்பாலும் முடியும் | ஓரளவு | கேட்ட மரபணுவுக்கு மட்டும் தெளிவாக |
| சாயத்தைப் பிடிக்க | முடியும் | முடியாது | முடியாது |
| நாளைய நிறம் | அனுபவம் இருந்தால் | நரைக்கு நல்ல சாட்சி | நன்றாக |
| ஒரு பிரதியா, இரண்டா | சில உருவங்களில் மட்டும் | குட்டிகளின் கணக்கு இருந்தால் | உறுதியாக |
| சின்னக் குட்டிக்கு | ஏமாறலாம் | பெற்றோர் படம் உதவும் | எந்த வயதிலும் |
| கைச்செலவு | இல்லை | இல்லை | கட்டணமும் அஞ்சலும் |
| மறைமுகச் செலவு | தப்பான ஜோடி | வேறு குதிரையின் படம் | காத்திருப்பு, கேட்காத மரபணு |

## புள்ளி என்று எதைச் சொல்கிறோம்

உலகம் முழுக்கப் புள்ளிக்குதிரை என்றால் அது லெப்பர்ட் வகை. அபலூசா, நாப்ஸ்ட்ரப்பர், அர்ஜென்டினாவின் ஃபலபெல்லா, அமெரிக்க மினியேச்சர் என்ற குதிரை இனங்கள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மரபணுதான், எல்பி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது டிஆர்பிஎம்-1 என்ற மரபணுவில் நடந்த மாற்றம் என்று 2013இல் உறுதியானது. வெள்ளை எவ்வளவு பரவ வேண்டும் என்று தீர்மானிப்பதில் பெரிய பங்கு பேட்டன்-1 என்ற இன்னொன்றுக்கு. இதை 2016இல் கண்டுபிடித்தார்கள். புதுசாக வந்த அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்சின் பெஷ் மெர்ல் குகையில் சுமார் 25,000 ஆண்டுக்கு முந்தைய புள்ளிக்குதிரை ஓவியம் இருக்கிறது. அந்தக் காலத்துக் குதிரை எலும்புகளிலும் எல்பி இருந்ததாக 2011இல் ஓர் ஆய்வு காட்டியது.

எல்பி ஒரு பிரதி, பேட்டன்-1 சேர்ந்தால் உடம்பெல்லாம் வெள்ளை, அதில் முட்டை வடிவப் புள்ளிகள். இதுதான் படங்களில் நாம் பார்த்து மயங்கும் லெப்பர்ட். பேட்டன்-1 இல்லாவிட்டால் பெரும்பாலும் இடுப்பில் மட்டும் வெள்ளைப் போர்வையும் அதில் புள்ளிகளும் இருக்கும், அல்லது வெள்ளை மயிரும் நிற மயிரும் கலந்த வெறும் நரைத்த கலப்பாக நிற்கும்.

திட்டுக்குதிரை வேறு. வடக்கத்தி யாவாரிகள் அப்லக் என்பார்களே, அது. டோபியானோ, ஃப்ரேம், ஸ்பிளாஷ் என்று அதற்குள்ளேயே பிரிவுகள் உண்டு. நரைக்குதிரை இன்னும் வேறு. பிறக்கும்போது கருப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து, வருஷத்துக்கு வருஷம் வெளுக்கும். வெளுத்த பிறகு கடுகளவு செம்புள்ளிகள் உடம்பெல்லாம் தெறிக்கும். சந்தையில் புள்ளி வகை என்று அதிகம் கைமாறுவது இந்த நரைக்குதிரையாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

## வழி ஒன்று: கண்ணால் பார்ப்பது

காலை வெயிலில் பாருங்கள். சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து விலை பேசாதீர்கள். முதல் வேலை, வெள்ளைத் துணியை நனைத்துப் புள்ளியின் மேல் அழுத்தித் தேய்ப்பது. யாவாரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். 2022இல் பஞ்சாபில் ஒருவர் கருங்குதிரை என்று நம்பி 22 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார். வீட்டில் குளிப்பாட்டியதும் கருப்பு கரைந்து ஓடிவிட்டது, உள்ளே இருந்தது சாதாரணச் செம்பழுப்புக் குதிரை. மொத்தக் குதிரைக்கே சாயம் பூச முடியும்போது நாலு புள்ளி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்தது ஒரு வாளித் தண்ணீர். முதுகிலும் இடுப்பிலும் ஊற்றி மயிர் ஒட்டும்படி நனைத்தால் அடித்தோல் தெரியும். வெள்ளை மயிருக்கு அடியில் எங்கு பார்த்தாலும் கருந்தோல் என்றால் நரைக்குதிரை. வெள்ளை இடத்தில் இளஞ்சிவப்புத் தோல், நிறமுள்ள இடத்தில் கருந்தோல், இரண்டும் பெரிய பெரிய பரப்பாக ஓரம் வெட்டினாற்போல் பிரிந்திருந்தால் திட்டு. லெப்பர்ட் வகையில் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே கருந்தோல் இருக்கும். புள்ளியைச் சுற்றி நீலம் பாய்ந்த வளையமும் தெரியலாம். இந்த வளையத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், டோபியானோவின் திட்டு ஓரத்திலும் அந்த நீலம் ஓடும்.

இனி புள்ளியையே மறந்துவிட்டு மூக்குக்கு வாருங்கள். எல்பி இருக்கும் குதிரையின் மூக்கு, உதடு, கண் இமை, வாலுக்கு அடிப்பக்கம் ஆகிய இடங்களில் தோல் கருப்பும் இளஞ்சிவப்பும் பொடிப் பொடியாகக் கலந்து கிடக்கும். மூக்குத் துவாரத்துக்குக் கீழே விரலை வைத்து மேலுதட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தால், விரல் அகலத்துக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு கரும்பொட்டுகள் இளஞ்சிவப்பில் மிதக்கும். திட்டுக்குதிரையின் மூக்கிலும் இளஞ்சிவப்பு உண்டு. ஆனால் அது முகத்து வெள்ளை இறங்கி வந்த இடம், ஒரே வீச்சாக இருக்கும், இப்படிப் பொடியாக இருக்காது.

பிறகு கண். மனிதக் கண்போலக் கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரிகிறதா? முகமெல்லாம் வெள்ளை இறங்கிய குதிரைக்கும் அது தெரியும் என்பதால், முகத்தில் வெள்ளை இல்லாத குதிரையில் தெரிந்தால்தான் அது சாட்சி. குளம்பும் அப்படியே. மேலிருந்து கீழாக வரிவரியாக ஓடும் குளம்பு எல்பியின் அடையாளம்தான், ஆனால் வெண்கால் குதிரையின் குளம்பிலும் வரி வரும். நிறமுள்ள காலைத் தேடிப்பிடித்து அதன் குளம்பைப் பாருங்கள். மூக்கு, கண், குளம்பு மூன்றில் இரண்டு சேர்ந்து வந்தால் நான் எல்பி என்றே வைத்துக்கொள்வேன்.

மட்டக்குதிரையில் கண்ணை ஏமாற்றுவது டாப்பிள். உடம்பில் வட்டம் வட்டமாக வெளிர் நிறம், சுற்றிலும் அடர்ந்த வலை. சில்வர் என்ற மரபணு இருக்கும் சின்னக் குதிரைகளில் இது அழகாக வரும், பிடரியும் வெளிறிப்போய் இருக்கும். இது மயிரில் மட்டும் உள்ள விளையாட்டு. நனைத்தால் தோல் ஒரே நிறம். மயிர் உதிர்ந்து முளைக்கும்போது வட்டம் காணாமல் போனாலும் போகும்.

கண்பார்வையின் மறைமுகச் செலவு எங்கே என்று பார்ப்போம். எல்பி இரண்டு பிரதி உள்ள குதிரைக்குப் புள்ளி அநேகமாக இருக்காது. ஏறக்குறைய முழு வெள்ளை, முழங்கை மடிப்பிலோ விலாவிலோ நாலைந்து சின்னக் கறை, குளம்பும் பெரும்பாலும் வெளிறியே இருக்கும். அல்லது இடுப்பில் புள்ளியே இல்லாத சுத்த வெள்ளைப் போர்வை. புள்ளி கேட்டு வந்தவர் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் இதற்குப் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் எல்பி போகும். உடம்பெல்லாம் புள்ளி அள்ளித் தெளித்த லெப்பர்ட்டை எல்பி இல்லாத நிறக்குதிரையோடு சேர்த்தால் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. புள்ளிக்குட்டி வேண்டும் என்று புள்ளி நிறைந்த பொலிக்குதிரைக்கு அதிக விலை கொடுத்தவர், தப்பை உணர 11 மாதம் சினைக்காலம் முடிய வேண்டும்.

அதே இரண்டு பிரதிக் குதிரைக்கு இன்னொரு குறையும் கூடவே வரும். பிறவியிலேயே இராப்பார்வை கிடையாது. பகலில் ஒரு குறையும் தெரியாது, வயதாக ஆகக் கூடவும் செய்யாது. ஆனால் இருட்டினால் எதையும் பார்க்க முடியாது. ஒரு பிரதி மட்டும் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

## வழி இரண்டு: பழைய படமும் பெற்றோரும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நரையைப் பிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. இன்று வெள்ளையாக நிற்கும் குதிரை இரண்டு வயதில் இரும்பு நிறத்தில் இருந்தது என்று ஒரு படம் காட்டினால் விஷயம் முடிந்தது. புள்ளியோடு பிறந்த குட்டிக்கும் நரை மரபணு இருந்தால் சில வருஷத்தில் புள்ளி எல்லாம் வெளுத்துப்போகும். குட்டிக்காலப் படத்தில் கண்ணைச் சுற்றி நரைவளையம் தெரிகிறதா என்று பாருங்கள். தாய், தகப்பன் இரண்டிலும் எல்பி இல்லாவிட்டால் குட்டிக்கு வராது. வெறும் நரைத்த கலப்பாக நிற்கும் எல்பித் தாயைச் சாதாரணக் குதிரை என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆபத்து, படம் வேறு குதிரையின் படமாக இருப்பது. இங்கே நம் ஊர் வழக்கம் கைகொடுக்கும். ராசிக்குத்தான் நாம் சுழி பார்க்கிறோம், ஆனால் நெற்றிச் சுழியும் கழுத்துச் சுழியும் ஆயுசுக்கும் இடம் மாறாது. வெளிநாட்டுக் குதிரைப் பாஸ்போர்ட்டுகளிலேயே அடையாளத்துக்குச் சுழியை வரைகிறார்கள். அதனால் படத்தில் நெற்றியைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். சுழி கண்மட்டத்துக்கு மேலா கீழா, ஒன்றா இரண்டா என்று முன்னால் நிற்கும் குதிரையோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அண்ணாச்சியிடம் கும்பிடு போட்டுக் கிளம்பிவிட வேண்டியதுதான்.

காகிதம் காட்டினால் இரண்டு விஷயம் பாருங்கள். அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் அளவு, பிடரியின் கடைசி மயிர் இருக்கும் இடத்தில் 34 அங்குலம், அதற்கு மேல் போகக் கூடாது. இன்னொன்று, சுத்த ஷெட்லாண்ட் என்று எழுதியிருந்தால் புள்ளி இருக்கக் கூடாது, ஷெட்லாண்டின் தாய்ப் பதிவேடு புள்ளி வகையை ஏற்பதே இல்லை. திட்டு இருக்கலாம், புள்ளி இருக்க முடியாது.

## வழி மூன்று: மயிரை அனுப்பிப் பரிசோதிப்பது

பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ இருபது முப்பது மயிரை வேரோடு பிடுங்க வேண்டும். கத்தரித்த மயிர் வீண், வேரின் நுனிக் குமிழில்தான் வேலையே இருக்கிறது. வியர்வை ஈரமில்லாமல் காயவைத்து, காகித உறையில் போட்டு, குதிரையின் பெயரை எழுதி ஒட்ட வேண்டும். இரண்டு குதிரைக்கு ஒரே நாளில் எடுத்தால் இடையில் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருக்கும் கால்நடை மரபியல் ஆய்வகம் எல்பி, பேட்டன்-1 இரண்டையும் பார்க்கிறது. வெளிநாட்டுக்கு விலங்கு மயிரை அனுப்பும் முன் அந்த ஆய்வகம் கேட்கும் காகிதங்களையும் நம் பக்கத்து விதிகளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். உறை சுங்கத்தில் தங்கிவிட்டால் பிடுங்கியதெல்லாம் வீண்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும் என்பது. எல்பி மட்டும் கேட்டால் எல்பி பற்றித்தான் சொல்வார்கள். அந்தக் குதிரைக்குள் ஃப்ரேம் என்ற திட்டு மரபணு ஒளிந்திருந்தால் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் சேர்ந்தால், உள்ளூரில் மலிவாக வாங்கிய குதிரைக்கு அது கண்ணை உறுத்தும். எல்பி, பேட்டன்-1 முடிவு இரண்டும் கையில் இருந்தாலும் குட்டியின் எந்த இடத்தில் எத்தனை புள்ளி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் தெரிந்துகொண்டே பணம் கட்டுங்கள்.

## யாருக்கு எது

பகலில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு வாங்குகிறீர்கள் என்றால் கண்பார்வை போதும். புள்ளியைவிட எடையைக் கவனியுங்கள். மட்டக்குதிரை 70 முதல் 110 கிலோ வரை இருக்கும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது குதிரைக்காரர்களின் பொதுக்கணக்கு. சேணத்தையும் கழித்துவிட்டால் சின்னப் பிள்ளைகள் மட்டும்தான்.

ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு, கோயில் கொடை ஊர்வலம் என்று முன்னால் நடத்திக் கூட்டிப்போக நினைத்தால் விஷயம் வேறு. ஜெனரேட்டர் விளக்கும் வேட்டும், நடுவில் திடீரென்று ஒரு இருட்டுச் சந்தும் என்றால் இராப்பார்வை இல்லாத குதிரை மிரளும். ஏறக்குறைய முழு வெள்ளை, மூக்கில் பொடிக்கலப்பு, வெளிறிய குளம்பு என்று கண்ணுக்குப் பட்டால் அந்த வேலைக்கு அதை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு எடுங்கள். வாங்கி முடித்தவர்கள் லாயத்தில் அந்திக்கே ஒரு விளக்கைப் போட்டுவைத்து, தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றாமல் இருந்தாலே குதிரை நிம்மதியாக இருக்கும்.

புள்ளி வகை என்று உறுதியானால் வளர்ப்புச் செலவும் கொஞ்சம் கூடும், எந்த வழியில் அடையாளம் கண்டிருந்தாலும் சரி. கண் உள்ளழற்சி திரும்பத் திரும்ப வரும் நோய் எல்பி குதிரைகளுக்கு மற்றவற்றைவிட அதிகம். கண்ணைச் சுருக்குவது, நீர் வடிவது, விழி மங்குவது இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நெல்லையில் இருப்பவர்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தான். இளஞ்சிவப்பு மூக்கும் இமையும் சித்திரை வெயிலில் வெந்து புண்ணாகும், வெயிலில் கிடந்து புற்றுநோய் வரும் இடங்களும் அவைதான். பாளையங்கோட்டைப் பக்கத்துப் பொட்டலில் நிழலில்லாமல் கட்டிப்போடுகிறவர் நிறக்குதிரையே வாங்கலாம்.

அரிதான புள்ளி என்று யாவாரி கூடுதல் விலை சொன்னால், அந்தக் கூடுதல் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, பரிசோதனை முடிவு வந்ததும் தருவதாகப் பேசுங்கள். கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். நல்ல யாவாரி சம்மதிப்பார்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியைக் கண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். குட்டிமயிர் உதிர்ந்ததும் நிறம் மாறும், மூக்கின் பொடிக்கலப்பு அந்த வயதில் மங்கலாக இருக்கலாம். தாயைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், இல்லாவிட்டால் மயிரை அனுப்புங்கள்.

ஜோடியாக வாங்கிக் குட்டி எடுக்கப்போகிறவர் மட்டும் காசைப் பார்க்கக் கூடாது. எல்பி, பேட்டன்-1 இரண்டோடு ஃப்ரேம் பரிசோதனையும், மட்டக்குதிரைகளில் உடல் கோணிய குள்ளக்குட்டி பிறக்கக் காரணமான ஏகேன் பரிசோதனையும் கட்டாயம். இரண்டு எல்பி ஒற்றைப் பிரதிக் குதிரைகளைச் சேர்த்தால் நான்கில் ஒரு வாய்ப்பு இராப்பார்வையில்லாத குட்டிக்கு. ஃப்ரேம் அதைவிடக் கொடியது. தாய் தகப்பன் இரண்டுக்கும் இருந்தால் நான்கில் ஒரு வாய்ப்பு, குட்டி வெள்ளையாகப் பிறந்து, குடல் இயங்காமல் சில நாளில் செத்துப்போகும். சில குதிரைகளில் ஃப்ரேம் நெற்றியில் ஒரு சின்ன வெள்ளையாக மட்டும் ஒளிந்திருக்கும், எல்பியின் வெள்ளைக்குள் முழுசாகவே மறைந்துவிடும், கண்ணால் பிடிக்கவே முடியாது. இரண்டுக்கும் ஃப்ரேம் என்று முடிவு வந்துவிட்டால் விற்றுத் தலைமுழுக வேண்டியதில்லை. பொலியைக் காயடித்துவிட்டால் இரண்டையும் ஒரே லாயத்தில் கட்டலாம்.